ரூக்கி டிராஃப்ட் ரேங்கிங்: டீம் பேரை மறைச்சு வெச்சுட்டு லிஸ்ட் போடுங்க

கேள்வி இதுதான்: ஆபீஸ்ல ஒரு டைனஸ்டி ஃபேண்டஸி ஃபுட்பால் லீக்ல (நிஜ அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரங்களை வெச்சு கற்பனை டீம் நடத்தி, அவங்க ஆடறதுக்கு ஏத்த மாதிரி பாயிண்ட் வாங்கற விளையாட்டு; டைனஸ்டின்னா ஆளை வருஷா வருஷம் கையிலேயே வெச்சுக்கலாம், காலேஜ்லேருந்து புதுசா வர்ற ரூக்கிகளை மட்டும் டிராஃப்ட்ல முறை வெச்சு எடுக்கணும்) யாரோ விட்டுட்டுப் போன டீமை எடுத்திருக்கீங்க, 12 டீம், சூப்பர்ஃப்ளெக்ஸ் (ரெண்டாவதா ஒரு குவார்ட்டர்பேக்கையும், அதாவது பந்தை எறியறவனையும், இறக்கலாம்), ஃபுல் பிபிஆர் (ஒரு கேட்சுக்கு ஒரு பாயிண்ட்), கையில 1.04ம் 2.04ம் இருக்கு, அதாவது முதல் ரவுண்டுலயும் ரெண்டாவது ரவுண்டுலயும் நாலாவது பிக். காலேஜ் ஆட்டம் பார்த்ததே இல்ல, ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் போடறாங்க, யாரை நம்பறது, நானே ரேங்க் பண்ண முடியுமான்னு கேட்டிருக்கீங்க.

தாராளமா முடியும். டேப், அதாவது ஆட்ட வீடியோ, பார்த்து எடை போடத் தெரியணும்னு அவசியமே இல்ல, எனக்கும் பாதி தெரியாது. ஒரு எக்செல் ஷீட், ரெண்டு மூணு எண், கொஞ்சம் பிடிவாதம் இருந்தா போதும். பிடிவாதம்னு ஏன் சொல்றேன்னா, என் சொந்தக் கதை ஒண்ணு இருக்கு, அதை முதல்ல சொல்லிடறேன், மிச்சம் எல்லாம் அதுலேருந்து தானா வந்துடும்.

2020ல என் கையில 1.01 இருந்துச்சு. ரெண்டு மாசம் உக்காந்து ஷீட் போட்டு வெச்சிருந்தேன், முதல் வரியில ஜொனாதன் டெய்லர், ரன்னிங் பேக், அதாவது பந்தை வாங்கிக்கிட்டு ஓடறவன். விஸ்கான்சின் காலேஜ்ல மூணே வருஷத்துல 6,174 யார்டு ஓடினவன், 226 பவுண்டு எடை, கம்பைன்ல (டிராஃப்ட்டுக்கு முன்னாடி நடக்கற உடல் தகுதி சோதனை) 40 யார்டை 4.39 செகண்டுல ஓடினான். அஞ்சாவதோ ஆறாவதோ வரியில கிளைட் எட்வர்ட்ஸ் ஹெலேர், எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) காலேஜ் பையன், 207 பவுண்டு, 4.60. நல்ல ஆட்டக்காரன்தான், 2019ல தோக்கவே தோக்காத அந்த டீமுக்கு 1,414 யார்டு ஓடி 55 கேட்ச்சும் புடிச்சவன். ஆனா என் ஷீட்படி டெய்லர் பக்கத்துல நிக்க முடியாது. அப்புறம் ஏப்ரல் 23 வியாழக்கிழமை ராத்திரி, என்எஃப்எல்லோட (அமெரிக்காவோட தொழில்முறை லீக்) நிஜ டிராஃப்ட், கொரோனா காலம், லீக் கமிஷனர் அவர் வீட்டு பேஸ்மெண்ட்ல உக்காந்து பேர் வாசிக்கறார், முதல் ரவுண்டோட கடைசி பிக், 32வது, கன்சஸ் சிட்டி சீஃப்ஸ், எட்வர்ட்ஸ் ஹெலேர். மஹோம்ஸ் பந்து போடற டீம், ஆண்டி ரீட் கோச், போன பிப்ரவரியில சூப்பர் போல் ஜெயிச்ச டீம். அடுத்த நாள் டெய்லர் 41வது பிக்ல இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் போறான், அங்க ஏற்கெனவே மார்லன் மேக்னு ஒருத்தன் முந்தின வருஷம் ஆயிரம் யார்டு தாண்டி உக்காந்திருக்கான். எல்லா லிஸ்ட்டும் ஒரே ராத்திரியில தலைகீழாச்சு, என்னோடதும்தான், 1.01ல ஹெலேரை எடுத்துட்டேன். ஜூலைல சீஃப்ஸோட பழைய ரன்னிங் பேக் டேமியன் வில்லியம்ஸ் கொரோனாவால இந்த சீசன் வேணாம்னு ஒதுங்கினப்போ பார்ட்டியே குடுத்தேன்.

முடிவு உங்களுக்கே தெரியும். ஹெலேர் அந்த வருஷம் 803 யார்டு ஓடினான், அதுதான் அவன் உச்சமே, அதுக்கப்புறம் அதைத் தாண்டவே இல்ல. மார்லன் மேக்குக்கு முதல் ஆட்டத்துலயே குதிகால் தசைநார் அறுந்து போச்சு, டெய்லர் அந்த வருஷம் 1,169 யார்டு, மறு வருஷம் 1,811 யார்டு, 18 டச்டவுன் (பந்தோட எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கற ஸ்கோர்), லீக்லயே முதல் ஆள். எங்க லீக்ல அவனை 1.03ல எடுத்தவர் ரெண்டு வருஷம் என்னை வெச்சு செஞ்சார்.

நான் செஞ்ச தப்பு ஹெலேரைப் பத்தி தப்பா கணக்குப் போட்டது இல்லீங்க, கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. கணக்குக்கு மேல ஜெர்சி கலரை ஏத்தினதுதான் தப்பு. லேண்டிங் ஸ்பாட்னு ஆங்கிலத்துல அழகா ஒரு பேர் வெச்சிருக்காங்க, எந்த டீம்ல போய் விழறான்ங்கறது. அது நிலையா இருக்கவே இருக்காது, கோச் மாறுவார், குவார்ட்டர்பேக் மாறுவான், முன்னாடி நிக்கற சீனியருக்கு அடிபடும். ஆளோட எடையும் வேகமும் வயசும் காலேஜ்ல செஞ்சதும் மாறாது.

அதுக்காக என்எஃப்எல் டிராஃப்ட்டை கண்டுக்கவே வேணாம்னு நினைச்சிடாதீங்க. டீம் எதுங்கறது வேற, எத்தனாவது பிக்ங்கறது வேற. இந்த ரெண்டையும் நிறைய பேர் போட்டுக் குழப்பிக்கறாங்க. எத்தனாவது பிக்ங்கறதைத்தான் டிராஃப்ட் கேபிடல்னு சொல்றது, நாம பார்க்கற எல்லா எண்ணுலயும் கனமான எண் அதுதான். முதல் ரவுண்டு பிக்கை செலவு பண்ணின டீம் அவ்வளவு சீக்கிரம் கைவிடாது, ரெண்டு வருஷமாவது பந்தைக் குடுத்துக்கிட்டே இருக்கும், குடுக்கலேன்னா எடுத்த மேனேஜர் வேலைக்கே ஆபத்து. அஞ்சாவது ரவுண்டுல வந்தவன் ஒரு பந்தை கீழ போட்டாலும் பெஞ்சுல உக்காரணும். அதுவும் போக, முப்பத்தி ரெண்டு டீமும் மெடிக்கல் ரிப்போர்ட், இண்டர்வியூ எல்லாம் பார்த்துட்டுதான் எடுக்கறாங்க, அது நமக்குக் கிடைக்கவே கிடைக்காது.

ஆனா அதுவும் வேதவாக்கு கிடையாது. அதே 2020ல ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் 21வது பிக்ல ஜேலன் ரீகர்னு ஒரு ரிசீவரை (எறியற பந்தைப் புடிக்கறவன்) எடுத்தாங்க, அடுத்த பிக்லயே மினசோட்டா வைக்கிங்ஸ் ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்தாங்க. கேபிடல்படி ரெண்டு பேரும் ஒண்ணு. காலேஜ்ல கடைசி வருஷம் ரீகர் 43 கேட்ச், 611 யார்டு, ஜெஃபர்சன் 111 கேட்ச், 1,540 யார்டு, 18 டச்டவுன். ரீகர் டீம்ல குவார்ட்டர்பேக் மோசம், ஜெஃபர்சனுக்கு ஜோ பர்ரோ பந்து போட்டான்னு ஒரு சமாதானம் சொன்னாங்க, அதுல கொஞ்சம் நியாயமும் இருந்துச்சு. ஆனாலும் பிக் ஒரே மாதிரி இருக்கறப்போ காலேஜ் எண் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் நீங்களும் சாயுங்க, இதான் என் வழி. ஜெஃபர்சன் முதல் வருஷமே 88 கேட்ச், 1,400 யார்டு.

சரி, எந்த எண்ணைப் பார்க்கறது? ரிசீவருக்கு முதல்ல பங்கு. டீம் மொத்தமா எடுத்த ரிசீவிங் யார்டுல இவனோட சதவீதம், டச்டவுன்ல இவனோட சதவீதம், ரெண்டுக்கும் சராசரி போட்டா அதுக்குப் பேர் டாமினேட்டர் ரேட்டிங். வெறும் யார்டைப் பார்க்காம பங்கைப் பார்க்கறது ஏன்னா, சில காலேஜ் ஆட்டத்துக்கு அம்பது தடவை பந்தைத் தூக்கிப் போடும், சிலது ஓடிக்கிட்டே இருக்கும். அந்தப் பங்கு ஒரு அளவைத் தாண்டினப்போ பையனுக்கு என்ன வயசு, அதுதான் பிரேக்அவுட் ஏஜ். அளவை சிலர் 20 சதவீதம்பாங்க, சிலர் 30ம்பாங்க, எதை வெச்சாலும் எல்லாருக்கும் ஒரே அளவை வெச்சா சரி. 19 வயசுல தன்னைவிட பெரிய பசங்களை அடிச்சவனும் 23 வயசுல சின்னப் பசங்களை அடிச்சவனும் ஒண்ணா? இதுக்கு நல்ல உதாரணம் சேவியர் லெகெட். சவுத் கரோலினால முதல் நாலு வருஷமும் சேர்த்தே 500 யார்டு வரல, அஞ்சாவது வருஷம் 2023ல திடீர்னு 71 கேட்ச், 1,255 யார்டு. கரோலினா பேந்தர்ஸ் 2024ல முதல் ரவுண்டு கடைசி பிக்கை குடுத்தாங்க, பெரிய உடம்பு, வேகம் எல்லாம் இருந்துச்சு, முதல் வருஷம் 497 யார்டோட முடிஞ்சுது. அதே டிராஃப்ட்ல ரெண்டே பிக் தள்ளி 34வதா வந்த லாட் மெக்காங்கி 82 கேட்ச், 1,149 யார்டு.

இங்கதான் ஒரு குழி இருக்கு, கவனமா இருங்க. மெக்காங்கியோட கடைசி வருஷ காலேஜ் எண்ணைப் பார்த்தீங்கன்னா 30 கேட்ச், 478 யார்டுதான், பங்குக் கணக்குல அடிமட்டம். ஜார்ஜியா டீம்ல அடிபட்டு பல ஆட்டம் ஆடல, பக்கத்துல பந்தை வாங்கிக்க பிராக் பவர்ஸ் வேற இருந்தான். ஷீட் மட்டும் பார்த்தவங்க கோட்டை விட்டாங்க, அதுல நானும் ஒருத்தன். அதனால எண் கம்மியா இருந்தா உடனே அடிச்சுத் தள்ளாம, ஏன் கம்மின்னு ஒரு நிமிஷம் தேடிப் பாருங்க: அடிபட்டானா, எத்தனை ஆட்டம் ஆடினான், கூட யார் இருந்தா? ஜாக்சன் ஸ்மித் எஞ்சிக்பா 2021ல ஓஹையோ ஸ்டேட்ல 95 கேட்ச், 1,606 யார்டு எடுத்தான், அப்போ அதே டீம்ல கேரட் வில்சனும் கிறிஸ் ஒலாவேயும் ஆடிக்கிட்டு இருந்தாங்க, மறு வருஷம் அவங்க ரெண்டு பேரும் 10வது, 11வது பிக்ல போனாங்க. அவங்களைவிட இவன்தான் அதிகம் எடுத்திருக்கான். அந்த மாதிரி வீட்டுல பங்கு கம்மியா இருந்தா அது குறையே இல்ல. எல்எஸ்யூல 2023ல மாலிக் நேபர்ஸும் பிரையன் தாமஸும் ஒண்ணா ஆடினப்பவும் இதே கதைதான், ஒருத்தன் 1,569 யார்டு, இன்னொருத்தன் 17 டச்டவுன்.

வயசு பத்தி இன்னொண்ணு. ஹைஸ்கூல் முடிச்சு மூணு வருஷம் ஆகணும், அதுக்கு முன்னாடி என்எஃப்எல் எடுக்காது. மூணு வருஷம் முடிஞ்ச உடனே கிளம்பினவனுக்கு ஒரு பிளஸ் போடற பழக்கம் ரொம்ப நாளா இருக்கு. ஆனா 2020 கொரோனா வருஷத்துக்கு எல்லாருக்கும் கூடுதலா ஒரு வருஷம் குடுத்தாங்க, 2021லேருந்து காலேஜ் பசங்க விளம்பரக் காசு வாங்கலாம்னு ஆச்சு, காலேஜ் மாறறதும் சுலபமாச்சு. அதனால சும்மா ஒரு வருஷம் கூட இருந்தான்னு மார்க் குறைக்கறதை நான் இப்போ பாதியாக்கிட்டேன். போ நிக்ஸ் காலேஜ்ல 61 ஆட்டம் ஸ்டார்ட் பண்ணிட்டு வந்தான், ஜேடன் டேனியல்ஸ் அஞ்சு வருஷம் ரெண்டு காலேஜ், ரெண்டு பேரும் முதல் வருஷமே டீமை பிளேஆஃப் கூட்டிட்டுப் போனாங்க.

ரன்னிங் பேக்குக்கு பங்கைவிட உடம்பு முக்கியம். பில் பார்ன்வெல்னு ஒருத்தர் ஸ்பீட் ஸ்கோர்னு ஒரு கணக்கு போட்டார், எடையை 200ஆல பெருக்கி, 40 யார்டு நேரத்தை நாலு தடவை எழுதி ஒண்ணோட ஒண்ணு பெருக்கினா வர்றதால வகுக்கணும். 100 வந்தா சராசரி. மேல சொன்ன ரெண்டு பேருக்கும் போட்டுப் பாருங்க: டெய்லர், 226ஐ 200ஆல பெருக்கினா 45,200, வகுத்தா ஏறக்குறைய 122. ஹெலேர், 207ஐ 200ஆல பெருக்கினா 41,400, வகுத்தா 92. இந்த ரெண்டு எண்ணும் என் ஷீட்ல பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சு, நான்தான் பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டிப் போனேன்.

இதுலயும் விதிவிலக்கு உண்டு. 2024ல டாம்பா பே நாலாவது ரவுண்டுல 125வதா எடுத்த பக்கி எர்விங் சின்ன ஆளு, வேகமும் கம்மி, ஸ்பீட் ஸ்கோர் பரிதாபமா இருக்கும், அவன் 1,122 யார்டு ஓடினான். ஆனா ஆரிகன்ல கடைசி வருஷம் 56 கேட்ச் புடிச்சவன், பிபிஆர்ல அது சும்மா இல்ல. சின்ன உடம்பா இருந்தா கேட்ச் எவ்வளவுன்னு பாருங்க, அதுவும் இல்லேன்னா விட்டுடுங்க. அதே வருஷம் முதல் ரன்னிங் பேக்கா 46வது பிக்ல போன ஜொனாதன் புரூக்ஸ், காலேஜ்லயே முழங்கால் லிகமெண்ட் அறுந்து ஆபரேஷன் ஆனவன், திரும்பி வந்து டிசம்பர்ல அதே முழங்கால் மறுபடி போச்சு. நிறைய பேர் அவனை அந்த வருஷத்து நம்பர் ஒன் ரன்னிங் பேக்னு எழுதியிருந்தாங்க. ரிசீவர் அடிபட்டா காத்திருப்பேன், ரன்னிங் பேக்குக்கு முழங்கால்னா ரெண்டு இடம் கீழ இறக்கிடுவேன், அந்த வேலைக்கு ஆயுசே அஞ்சாறு வருஷம்தான்.

கம்பைன் பத்தி கேக்கவே இல்ல, இருந்தாலும் சொல்றேன். பிப்ரவரி கடைசியில இண்டியானாபோலிஸ்ல நடக்கும், எல்லாரும் 40 யார்டு ஓட்டத்துக்காக வாயைப் பொளந்துக்கிட்டு பார்ப்பாங்க. 2024ல சேவியர் வொர்த்தி 4.21 ஓடி ரெக்கார்டு, அதுக்கு முந்தின ரெக்கார்டு 2017ல ஜான் ராஸ் 4.22, அவனை சின்சினாட்டி 9வது பிக்ல எடுத்து முதல் சீசன்ல ஒரு கேட்ச்கூட வரல. ரிசீவருக்கு ஓட்டம் ஒரு உப்புக்கல், அவ்வளவுதான்.

டைட் எண்டுக்கு, அதாவது தடுப்பு வேலையும் பார்த்துக்கிட்டு பந்தும் புடிக்கற பெரிய உடம்பு ஆளுக்கு, பொறுமை. மேல சொன்ன பிராக் பவர்ஸ் முதல் வருஷமே 112 கேட்ச் புடிச்சான், அது லட்சத்துல ஒண்ணு. ட்ரே மெக்பிரைடை பாருங்க, 2022ல 55வது பிக், முதல் வருஷம் 29 கேட்ச், 265 யார்டு, பாதிப்பேர் தூக்கிப் போட்டாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு 111 கேட்ச். ஒரு டைட் எண்டை நீங்க டிராஃப்ட் பண்றதைவிட அடுத்த வருஷம் அலுத்துப் போனவர் கிட்டேருந்து பாதி விலைக்கு வாங்கறதுதான் எனக்குப் புடிச்ச வழி.

உங்க லீக் சூப்பர்ஃப்ளெக்ஸ்ங்கறதால குவார்ட்டர்பேக்கை நல்லா மேல தூக்கணும், ரெண்டு குவார்ட்டர்பேக்கை இறக்கலாம்னா 12 டீமுக்கு 24 பேர் வேணும், லீக்லயே 32 ஸ்டார்ட்டர்தான். முதல் ரவுண்டுல போனவனா, கால்ல ஓடுவானா, இந்த ரெண்டுதான் நான் பார்ப்பேன். டேனியல்ஸ் எல்எஸ்யூல கடைசி வருஷம் 1,134 யார்டு ஓடினவன், வாஷிங்டன்ல முதல் வருஷம் 891. ஆனா குவார்ட்டர்பேக்ல தோத்தா தோல்வி முழுசு, ரிசீவர் மாதிரி சுமாரா ஆடிக்கிட்டு ஓரமா இருக்க முடியாது. 2021ல ட்ரே லேன்ஸ் 3வது பிக், அவனுக்காக சான் ஃபிரான்சிஸ்கோ டீம் மூணு முதல் ரவுண்டு பிக்கை குடுத்தாங்க, ரெண்டு வருஷத்துல அந்த இடத்துல 2022 டிராஃப்ட்டோட கடைசி ஆள், 262வது பிக் பிராக் பர்டி நின்னான்.

இப்போ எல்லாத்தையும் எப்படி சேர்க்கறது. ஏப்ரல் டிராஃப்ட்டுக்கு முன்னாடி காலேஜ் எண், வயசு, உடம்பு வெச்சு ஒரு லிஸ்ட் போடுங்க. 1, 2, 3ன்னு நம்பர் போடாதீங்க, அடுக்கு போடுங்க, இவனுக்கும் அவனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியலேன்னா ரெண்டு பேரும் ஒரே அடுக்கு. டிராஃப்ட் முடிஞ்ச உடனே ஷீட்ல எத்தனாவது பிக்ங்கற காலத்தை (column) நிரப்புங்க, அதை வெச்சு ஆளை அடுக்கு மேலயோ கீழயோ நகர்த்துங்க. டீம் பேர் காலத்தை மறைச்சே வெச்சிருங்க. நான் நிஜமாவே எக்செல்ல அந்தக் காலத்தை ஹைட் பண்ணி வெச்சிருக்கேன், ரேங்க் முடிஞ்ச பிறகுதான் திறப்பேன், ஒரே அடுக்குக்குள்ள ரெண்டு பேரைப் பிரிக்கத்தான் பயன்படுத்துவேன். 2019ல நிகீல் ஹாரி நியூ இங்கிலாண்ட் போனான், பிராடி பந்து போடுவார்னு பல லீக்ல 1.01, முதல் வருஷம் 105 யார்டு. ஏ.ஜே.பிரவுன் டென்னசி போனான், பந்தே போடாத டீம்னு எல்லாரும் ஒதுக்கினாங்க, முதல் வருஷம் 1,051.

அடுக்கு போட்டா இன்னொரு லாபம், பிக்கை எப்போ மாத்தறதுன்னு தெரியும். 2024ல மார்வின் ஹாரிசன் ஜூனியரும் நேபர்ஸும் என் ஷீட்ல ஒரே அடுக்கு, 4வது பிக், 6வது பிக். எங்க லீக்ல ஒருத்தர் ஹாரிசன் கிடைக்காம போயிடுவானோன்னு பயந்து ஒரு இடம் மேல போக அடுத்த வருஷ ரெண்டாவது ரவுண்டு பிக்கைத் தூக்கிக் குடுத்தார். முதல் வருஷம் ஹாரிசன் 885 யார்டு, நேபர்ஸ் 109 கேட்ச், 1,204 யார்டு. நேபர்ஸுக்கு 2025ல நாலாவது வாரமே முழங்கால் போச்சு, அது வேற கதை. யார் ஜெயிச்சாங்கறதை விடுங்க, வித்தியாசமே தெரியாத இடத்துல காசு குடுத்ததுதான் வீண். 1.04 வர்றப்போ உங்க அடுக்குல இன்னும் மூணு பேர் மிச்சம் இருந்தா, ரெண்டு இடம் கீழ இறங்கி ஒரு பிக்கை வாங்கிக்குங்க. ஒரே ஒருத்தன் மிச்சம்னா யார் என்ன குடுத்தாலும் அசையாதீங்க.

2.04ல அப்படி இல்ல, அங்க எல்லாமே லாட்டரி. பெரிய பிக்ல வந்த சுமார் ஆளைவிட, லேட்டா வந்தாலும் காலேஜ்ல பங்கு நல்லா இருந்து அடிபட்டதால கீழ போனவனைத்தான் நான் எடுப்பேன். 2023ல பூகா நகுவா அப்படித்தான் வந்தான், 177வது பிக், கூப்பர் கப் அடிபட்டு முதல் நாலு ஆட்டம் இல்ல, அந்த இடைவெளில நுழைஞ்சு 105 கேட்ச், 1,486 யார்டு, ரூக்கி ரெக்கார்டு. எங்க லீக்ல அவனை யாருமே டிராஃப்ட் பண்ணல, முதல் வாரம் முடிஞ்ச செவ்வாய்க்கிழமை ராத்திரி வெயிவர்ல (யாரும் எடுக்காத ஆளைக் கேட்டு வாங்கற முறை) அடிச்சுக்கிட்டாங்க.

ஒண்ணு மட்டும் உங்க ஆபீஸ் லீக்கை நடத்தற கமிஷனர் கிட்ட கேட்டு சொல்லுங்க, டைட் எண்டுக்கு ஒரு கேட்சுக்கு ஒன்றரை பாயிண்ட் குடுக்கற பிரீமியம் உங்க லீக்ல இருக்கா இல்லையா. இருந்தா மேல டைட் எண்ட் பத்தி சொன்னதுல பாதியை மாத்தணும், அது தெரியாம 2.04க்கு என்னால பேர் சொல்ல முடியாது.